மழைத்தண்ணீரில் அலுமினியம்: வானத்தில் யார் தெளிக்கிறார்கள்?

போன ஐப்பசி மழையின்போது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். கையில் இரண்டு லிட்டர் பாட்டில் நிறைய மழைத்தண்ணீர். கூடவே ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தின் அறிக்கை. அதில் அலுமினியம் என்ற வரியை மட்டும் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார். "தம்பி, விமானத்துலேர்ந்து மருந்து தெளிக்கிறான். வெள்ளை வெள்ளையாக் கோடு தெரியுது பாருங்க, அதான். இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?"

பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் விரல் நுனி அளவுக்குச் செம்மண் நிறத்தில் வண்டல். எப்படிப் பிடித்தீர்கள் ஐயா என்று கேட்டேன். மொட்டை மாடியில் குண்டானை வைத்து ராத்திரி முழுக்கப் பிடித்தாராம். எதிரே லாரி போகிற சாலை.

பூமியின் மேலோட்டில் எடைக்கணக்கில் ஏறத்தாழ 8 சதவீதம் அலுமினியம்தான். களிமண்ணில் இருக்கிறது, தெருப்புழுதியில் இருக்கிறது. அந்தத் தண்ணீரை வடிகட்டாமல், அமிலத்தில் கொதிக்கவைத்து அளந்திருந்தார்கள். அப்படி அளந்தால் புழுதியில் இருக்கும் அலுமினியமும் கணக்கில் ஏறிவிடும். அவர் கண்ணெதிரிலேயே வடிகட்டி மறுபடி அளந்தோம். தண்ணீரில் மிஞ்சியது சொற்பம். மற்றதெல்லாம் வடிதாளில் பழுப்புக் கறையாகத் தங்கிவிட்டது. அந்தத் தாளை அவர் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வெள்ளைக் கோடு என்பது பனி. பத்துப் பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் குளிர் மைனஸ் 40 டிகிரியையும் தாண்டும். எஞ்சினிலிருந்து வரும் நீராவி அங்கே புகைத்துகளைப் பற்றிக்கொண்டு உறைந்துபோகிறது. அந்த உயரத்தில் காற்று வறண்டிருந்தால் கோடு நொடியில் மறையும். ஈரமாக இருந்தால் மணிக்கணக்கில் பரவி நிற்கும். ஒரே நாளில் ஒரு விமானத்துக்குக் கோடு விழுவதும் இன்னொன்றுக்கு விழாததும் இதனால்தான். விமானம் ரசாயனம் தெளிக்கிறது என்னும் இந்தக் 'கெம்ட்ரெயில்' பேச்சு 1990களின் கடைசியில் அமெரிக்காவில் கிளம்பியது. 2016இல் வளிமண்டல வேதியியலிலும் புவிவேதியியலிலும் தேர்ந்த 77 பேரிடம் கேட்டபோது, 76 பேர் ரகசியத் தெளிப்புக்கு எந்தச் சான்றையும் தாங்கள் கண்டதில்லை என்றார்கள்.

"அப்ப மேல யாரும் எதையும் போடலைங்கறீங்களா?" என்றார்.

இதற்கு என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. போடுகிறார்கள். ஆனால் ரகசியமாக அல்ல. நம் வீட்டு மாடியில் நின்று கைதட்டி நாம் பார்க்கும் ராக்கெட் வழியாகத்தான் போகிறது.

1963 நவம்பர் 21 அன்று கேரளத்தின் தும்பாவிலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட்டே சோடியம் ஆவியைத்தான் சுமந்துபோனது. அந்தி வானத்தில் அதைத் தூவி, அந்த மேகம் நகரும் விதத்தை வைத்து மேல்காற்றை அளந்தார்கள். சொல்லிச் செய்த, மிகச் சிறிய அளவிலான ஆய்வு அது. நான் கவலைப்படுவது எரிபொருளைப் பற்றி.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போகும் பிஎஸ்எல்வியின் முதல் அடுக்கில் சுமார் 139 டன் திட எரிபொருள். அம்மோனியம் பெர்குளோரேட்டும் அலுமினியப் பொடியும் ரப்பர் போன்ற ஒரு பிசினும் சேர்ந்த கலவை. எரிந்து வெளிவருவதில் ஏறக்குறைய பாதி ஹைட்ரஜன் குளோரைடும் அலுமினிய ஆக்சைடுத் தூளும்தான். தரைக்குப் பக்கத்தில் விழுவதை மழை கழுவிவிடும். ஓசோன் இருக்கும் உயரத்தில் மழை கிடையாது. அங்கே போய்ச் சேர்ந்த ஹைட்ரஜன் குளோரைடிலிருந்து பிரியும் குளோரின் ஓசோனை அரிக்கும். பழைய ஃபிரிட்ஜ் வாயுக்களை நாம் தடை செய்ததும் இந்தக் குளோரினுக்காகத்தானே?

ஃபால்கன் 9 போல மண்ணெண்ணெய் எரிக்கும் ராக்கெட்டுகள் கரித்துகளை விட்டுப்போகின்றன. தரைக்கருகே வரும் கரி சில நாட்களில் இறங்கிவிடும். மேலே போனது ஆண்டுக்கணக்கில் தங்கி வெயிலை உறிஞ்சும். அதனால் ராக்கெட் கரி, தரையிலும் விமானங்களிலும் வரும் கரியைப் போல ஏறத்தாழ 500 மடங்கு சூடேற்றுகிறது என்று 2022இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

ஏறும்போது மட்டுமல்ல, இறங்கும்போதும் உண்டு. ஆயுள் முடிந்த 250 கிலோ செயற்கைக்கோள் ஒன்று எரிந்து விழுந்தால் சுமார் 30 கிலோ அலுமினிய ஆக்சைடு நுண்தூள் உண்டாகும் என்பது ஒரு மதிப்பீடு. அலாஸ்காவிலிருந்து நாசாவின் விமானத்தில் போய் மேல்காற்றை அளந்தவர்கள் 2023இல் வெளியிட்ட முடிவு: அங்கே இருக்கும் பெரிய கந்தக அமிலத் துகள்களில் பத்தில் ஒன்றில், எரிந்துபோன விண்கலங்களின் உலோகம் கலந்திருக்கிறது. ஆசிரியர் தேடிய அலுமினியம் உண்மையில் இங்கேதான் இருக்கிறது. குண்டானில் பிடித்து அதைப் பார்க்க முடியாது.

இன்றைய தேதிக்கு ராக்கெட்டால் ஓசோனுக்கு வரும் இழப்பு சிறியதுதான்; அதை மிகைப்படுத்தி யாரையும் பயமுறுத்த மாட்டேன். ஆனால் 2024இல் மட்டும் உலகம் முழுக்க 250க்கு மேற்பட்ட ஏவுதல்கள், அதுவும் வருடா வருடம் கூடுகிறது. ஓசோனைக் காக்க உலக நாடுகள் போட்ட 1987இன் மான்ட்ரியல் ஒப்பந்தம் ராக்கெட் புகைக்கு எந்த வரம்பும் வைக்கவில்லை. இல்லாத தெளிப்பைத் தேடி நூறு வீடியோ பகிரப்படுகிறபோது, இருக்கிற இந்தப் புகையைப் பற்றிக் கேட்க ஆள் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நமக்கு இது தள்ளி நடக்கிற விஷயமும் இல்லை. திருச்செந்தூருக்குப் பக்கத்திலுள்ள குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து போகப்போகும் எஸ்எஸ்எல்வி என்ற சிறிய ராக்கெட்டின் மூன்று முதன்மை அடுக்குகளும் திட எரிபொருள். முதல் எஸ்எஸ்எல்வி கிளம்புமுன் அந்த ஊர்க் காற்றும் மழையும் எப்படி இருக்கின்றன என்று அளந்து, எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அளக்காமல் விட்டால் பிறகு எதோடு ஒப்பிடுவது?

இதைக் கேட்டதும் ஆசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தங்கையைத் திருச்செந்தூரில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறதாம். மழை பிடிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தேன். அமிலத்தில் கழுவிய பிளாஸ்டிக் பாட்டில், மூடியுள்ள புனல், மழை தொடங்கிய பிறகே மூடியைத் திறப்பது, நின்றதும் மூடுவது, தேதியும் நேரமும் எழுதுவது. கடலோர மழையில் இயல்பாகவே உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, இருக்கும். சோடியத்தையும் சேர்த்து அளந்தால்தான் கடலிலிருந்து வந்த குளோரைடு எவ்வளவு, கூடுதல் எவ்வளவு என்று பிரிக்க முடியும் என்றேன். அவர் எல்லாவற்றையும் டைரியில் வரிசையாகக் குறித்துக்கொண்டு, ஆறு பாட்டில் வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனார்.