ஹைகோர்ட் ஆர்டர் வாங்கியும் பட்டா வரவில்லையா?

ஹைகோர்ட்டில் ஜெயித்துவிட்டதாக நம்பி, பல மாதம் கழித்தும் அதே தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஆர்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் வாசித்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதிகாரி தன் கடமையைச் செய்யாவிட்டால், அரசியல் சட்டம் 226-ஆம் பிரிவின்படி அந்தக் கடமையைச் செய்ய உத்தரவிடச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். தஞ்சாவூர்க்காரர் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். பக்கத்திலிருக்கும் திருவாரூர்க்காரருக்குச் சென்னை.

அதற்கு முன் தாலுகா ஆபீசில் மனு கொடுத்ததற்கு ஆதாரம் இல்லாவிட்டால் வழக்கு அங்கேயே படுத்துவிடும். "வச்சிட்டுப் போங்க, பார்க்கிறோம்" என்பார்கள். போகாதீர்கள். நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள்; மறுத்தால் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனு ரசீதையும் பத்திரமாக வையுங்கள். அந்த மனு சுற்றிவிட்டு, நீங்கள் யார்மேல் புகார் சொன்னீர்களோ அதே தாசில்தார் மேசைக்குத்தான் வரும் என்பது வேறு விஷயம்.

தாசில்தார் பதிலே தராமல் இருந்தால் ரிட் சரி. பட்டா மாறுதலை எழுத்தில் நிராகரித்துவிட்டால் முதலில் ஆர்டிஓவிடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) அப்பீல், அதற்கப்புறம் டிஆர்ஓவிடம் (மாவட்ட வருவாய் அலுவலர்) சீராய்வு. இதைத் தாண்டி நேரே போனால், பெரும்பாலும் "அங்கே போய்விட்டு வா" என்றுதான் திருப்பி அனுப்புவார்கள். அண்ணன் தம்பிக்குள் சொத்து யாருடையது என்ற தகராறா? அதற்கு சிவில் கோர்ட்தான்.

சரி, ஆர்டர் வந்துவிட்டது. "மனுவைச் சட்டப்படி பரிசீலித்து, இந்த உத்தரவு நகல் கிடைத்த நாளிலிருந்து 12 வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும்" என்று இருக்கும். பட்டா கொடு என்று அதில் ஒரு வரிகூட இல்லை, பாருங்கள். முடிவெடு என்பது மட்டும்தான் உத்தரவு. அந்த 12 வாரமும் நகல் அதிகாரி கைக்குப் போன பிறகுதான் ஓட ஆரம்பிக்கும். கோர்ட்டே அனுப்பிவிடும் என்று காத்திருக்காதீர்கள். நகலோடு பழைய மனுவையும் சேர்த்து நீங்களே கொடுத்து, அதற்கும் சீல் வாங்குங்கள்.

கெடு முடிந்தும் பதில் இல்லையென்றால் கோர்ட் அவமதிப்பு வழக்கு போடலாம். கெடு முடிந்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். "அடுத்த வாரம் வாங்க" என்று இழுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். "பரிசீலித்து நிராகரிக்கப்பட்டது" என்று ஒரு தாள் வந்துவிட்டால் அவமதிப்பு பெரும்பாலும் நிற்காது. அந்தத் தாளை எதிர்த்துத்தான் மறுபடி போராட வேண்டும். ரிட்டே தள்ளுபடியானால் இரண்டு நீதிபதிகள் அமர்வில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான்.

வக்கீல் ஃபீஸுக்குப் பணமில்லையா? பெண்கள், எஸ்சி, எஸ்டி பிரிவினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் கேட்க உரிமை உண்டு. சென்னையிலும் மதுரையிலும் ஹைகோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது. வருமானச் சான்று இல்லாமல் வரக்கூடாது என்று யாராவது திருப்பி அனுப்பினால், 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள்.