நாடு கடத்தல் அல்ல, ஒப்படைப்பு

"அவரை நாடு கடத்தும்படி பிரிட்டனிடம் இந்தியா கோரிக்கை." இப்படி ஒரு வரி பத்திரிகையில் வராத மாதமில்லை. நாடு கடத்துவது என்றால் மண்ணை விட்டு விரட்டுவது. இங்கே கேட்பதோ ஆளை இந்த மண்ணுக்கே கொண்டுவர!

ஒரு நாடு தேடும் ஆளை, அவர் இருக்கும் நாடு பிடித்துக் கொடுப்பதுதான் ஆங்கிலத்தில் 'எக்ஸ்ட்ரடிஷன்'. அதைத்தான் 'நாடு கடத்தல்' என்று எழுதுகிறார்கள். எக்ஸ்ட்ரடிஷன் பிரெஞ்சு வழியே வந்த சொல். லத்தீன் வேரில் 'வெளியே கையளித்தல்'. அவ்வளவுதான்.

நாடு கடத்தலின் அசல் பொருளைப் பார்க்க மதுரைக்காரர்கள் சிவகங்கைச் சீமை வரை போனால் போதும். மருதுபாண்டியரைத் தூக்கிலிட்ட பின், 1802இல் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியையும் 70க்கும் மேற்பட்டோரையும் கம்பெனியார் பினாங்குக்குக் கப்பலேற்றினார்களே, அதுதான் நாடு கடத்தல். விசா முடிந்தும் தங்கிய வெளிநாட்டவரை விமானமேற்றுவது வெளியேற்றம். அதற்கு எந்த நாடும் கேட்க வேண்டியதில்லை, அரசின் உத்தரவே போதும். வெளியேற்றமும் ஒப்படைப்பும் வேறு வேறு என்று 1955இல் ஹான்ஸ் முல்லர் என்ற ஜெர்மானியரின் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஒப்படைப்பில் கேட்கும் நாடு ஒன்று, கொடுக்கும் நாடு ஒன்று. நம் 1962ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டப்படி வெளிநாட்டுக் கோரிக்கை வெளியுறவு அமைச்சகத்துக்கு வரும். முகாந்திரம் இருக்கிறதா, அரசியல் குற்றமா என்று மாஜிஸ்திரேட் விசாரிப்பார். அதன் பிறகே அரசின் முடிவு. அவசரமாகக் கைது செய்திருந்தால் 60 நாளுக்குள் முறையான கோரிக்கை வந்தாக வேண்டும், இல்லையேல் ஆளை விட்டுவிட வேண்டியதுதான். கொடுக்கும் நாடு நிபந்தனையும் போடும். 25 ஆண்டுக்கு மேல் சிறை இல்லை என்று இந்தியா உறுதி தந்த பிறகே, மும்பை குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்பட்ட அபு சலேமை 2005இல் போர்ச்சுகல் ஒப்படைத்தது. விரட்டப்படுகிறவனுக்கு யார் உறுதிமொழி கேட்பார்கள்?

'குற்றவாளிப் பரிமாற்றம்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். இது இன்னும் மோசம். பரிமாற்றம் என்றால் இங்கொன்று கொடுத்து அங்கொன்று வாங்க வேண்டும். இதில் ஆள் போவது ஒரு திசையில்தான். தீர்ப்பே வராதவரைக் குற்றவாளி என்பது அடுத்த பிழை. போதாததற்கு, தண்டனை பெற்ற கைதியை மீதிக் காலத்தைக் கழிக்கச் சொந்த நாட்டுச் சிறைக்கு அனுப்ப 2003இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. 'பரிமாற்றம்' அந்த ஏற்பாட்டோடு குழம்பித் தொலைக்கும். 'ஒப்படைப்பு ஒப்பந்தம்' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? ஈழத்தார் 'கையளிப்பு' என்றால் அதுவும் சரியே. 'கடத்தல்' மட்டும் வேண்டாம். அது ஏற்கெனவே தங்கத்துக்கும் ரேஷன் அரிசிக்கும் போய்விட்டது.

இதே பத்திரிகை மேசைகளில்தான் 'இன்டர்போல் கைது செய்தது' என்றும் எழுதுகிறார்கள். பல நாட்டுப் போலீசாரை இணைக்கும் அமைப்பான இன்டர்போல் யாரையும் கைது செய்வதில்லை. அது விடும் சிவப்பு நோட்டீஸ் வாரண்டும் அல்ல, ஆளைத் தேடிப் பிடித்து வைக்கச் சொல்லும் வேண்டுகோள். கைது செய்வது அந்தந்த நாட்டுப் போலீஸ்.