ஓரத்தில் எழுதும் பெயர்

கோயில் கொடை மேடைகளுக்கும் கல்லூரி விழாக்களுக்கும் நகைச்சுவை நாடகம் எழுதுவது என் வேலை. பாளையங்கோட்டையில் ஒரு ஒத்திகை. பாத்திரங்கள் டாக்டர், ஓட்டுநர், கடை அண்ணாச்சி, மீன்காரி. வாசித்து முடித்ததும் மீன் விற்பவராக நடித்த பெண் கேட்டார்: "எல்லாருக்கும் மரியாதையா எழுதியிருக்கீய, எனக்கு மட்டும் ஏன்க்கா 'காரி'?"

என்னிடம் பதில் இல்லை. 'மீன்காரி' என்று படித்ததுமே அவர் சேலையை இடுப்பில் செருகி, குரலை உயர்த்தி, சண்டைக்கு நின்றிருந்தார். அந்த வேடத்தை அவருக்குக் கட்டிவிட்டது நான் எழுதிய பெயர். 'மீன் வியாபாரி' என்று மாற்றி, அதே வசனத்தை மறுபடி வாசித்தோம். இப்போது நிதானமாகப் பேசினார். பழைய பாக்கியை விடாமல் கேட்கிற அந்த நிதானத்துக்கே எல்லோரும் சிரித்தோம்.

ஒரு முரட்டு ஆள் வசனத்தில் 'ஏ மீன்காரி' என்று கூப்பிட்டால் அது அவன் குணம், இருக்கட்டும். நாடகப் பிரதியின் ஓரத்தில் பாத்திரப் பெயராக வருவது என் சொல்.

இதற்குப் புதுச்சொல் தேடி அலைய வேண்டாம். சமையல்காரர், நடத்துநர், வியாபாரி, தொழிலாளி எல்லாம் இருபாலருக்கும் பொது. நடிகர், நடிகை என்று பிரிக்காமல் நகைச்சுவைக் கலைஞர் எனலாம். ஆங்கிலத்திலும் பெண்ணுக்கென்று இருந்த 'காமெடியென்' அருகி, பெண்களையும் 'காமெடியன்' என்றே சொல்கிறார்கள். ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல் என்று தொல்காப்பியமே குறித்திருக்கிறது. அந்த உயர்வை டாக்டருக்குக் கொடுத்துவிட்டு மீன் விற்பவருக்கு மறுத்திருக்கிறேன்.

'அண்ணாச்சி' இன்னும் சிக்கல். நம் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருப்பவர் என்றாலே அண்ணாச்சி. உறவுமுறை தொழில்பெயராகவே ஆகிவிட்டது. கடை திறந்து, சரக்கெடுத்து, கடன் நோட்டு எழுதுவது பெண்ணாக இருந்தாலும் நாடகத்தில் அவர் 'அண்ணாச்சி சம்சாரம்'. நானும் அப்படி எழுதியிருக்கிறேன். இப்போது ஓரத்தில் 'கடைக்காரர்', வசனத்தில் 'கடைக்காரக்கா'.

சரி, பெயரை மாற்றினால் போதுமா? போதாது. பெண் நடத்துநர் வரும் காட்சி ஒன்று வைத்திருந்தேன். அந்த வேடத்தில் ஒரு ஆணை நிறுத்தி வாசித்துப் பார்த்தேன். ஒரு வரிக்கும் சிரிப்பு வரவில்லை. பெண் டிக்கெட் கிழிப்பதே அங்கே வேடிக்கையாக இருந்திருக்கிறது. காட்சியைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். ஜங்ஷனிலிருந்து பேட்டை போகும் பஸ், ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டும் பயணி, பையில் சில்லறையே இல்லாத நடத்துநர். அதை யார் நடித்தாலும் சிரிக்கிறார்கள்.