ஞாயிறு பூசைக்கு வராத முதியவரைத் தேடிச் செல்வது யார்?

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் முதியோருக்கு மருத்துவம் பார்க்கும் நான், கிறிஸ்தவ நோயாளிகளிடம் சர்க்கரை அளவையும் இரத்த அழுத்தத்தையும் விசாரித்த பிறகு, கோயிலுக்குப் போய் எவ்வளவு நாளாயிற்று என்றும் கேட்பது வழக்கம். அவர்களுடைய விசுவாசத்தை அளப்பது என் வேலையன்று. ஆண்டுக்கணக்கில் ஞாயிறு தவறாமல் சென்றவர் திடீரென்று நின்றுவிட்டால், அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் உடற்குறையோ மனச்சோர்வோ இருக்கிறது. வீட்டாரோ வயதாகிவிட்டது என்று அதை விட்டுவிடுகிறார்கள்.

ஆலயங்களில் கூட்டம் குறைகிறது என்ற பேச்சு எழும்போதெல்லாம் மேலைநாட்டுக் கணக்குகளே முன்வைக்கப்படுகின்றன. இங்கிலாந்திலும் வேல்சிலும் தம்மைக் கிறிஸ்தவர் என்று பதிவுசெய்தவர்கள் 2011இல் 59.3 விழுக்காடு, 2021இல் 46.2 விழுக்காடு. அமெரிக்காவில் ஏதேனும் ஒரு வழிபாட்டு இல்லத்தில் உறுப்பினராக இருந்தோர் 1999இல் 70 விழுக்காடாக இருந்து 2020இல் 47 ஆகக் குறைந்ததாகக் கேலப் நிறுவனத்தின் கணிப்பு காட்டியது. தமிழ்நாட்டின் கதை வேறு. இங்கே மக்கள்தொகையில் கிறிஸ்தவர்கள் 2001இல் 6.07 விழுக்காடு, 2011இல் 6.12 விழுக்காடு. நான் பார்க்கும் குடும்பங்களிலும் மதத்தை விட்டவர்கள் அரிது. ஊரை விட்டவர்கள் அதிகம். மகன் ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு வேலையில் இருக்கிறார், மகள் பெங்களூரில் இருக்கிறார், பேரனுக்கு ஞாயிறு காலையில்தான் நீட் பயிற்சி வகுப்பு. கைப்பிடித்து அழைத்துச் செல்ல ஆளில்லாத தாத்தாவும் பாட்டியும், 2020 பெருந்தொற்றுக் காலத்தில் கைப்பேசியில் பார்க்கத் தொடங்கிய பூசையோடு அப்படியே நின்றுவிட்டார்கள்.

சமுதாயத்தில் திருச்சபையின் இடமும் இதற்கிடையே மாறிவிட்டது. 1890களில் கிருஷ்ணகிரிக்கு வந்த மிசௌரி லுத்தரன் என்ற அமெரிக்கத் திருச்சபையின் மிஷனரி தியோடர் நேத்தர் 1904இல் பிளேக் நோய்க்குப் பலியானார். நோய் பரவிய ஊரிலேயே மிஷனரிகள் குடும்பத்தோடு வாழ்ந்த காலம் அது. இன்று தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியே மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. இவை நாம் நன்றியோடு ஏற்க வேண்டிய முன்னேற்றங்கள். ஆனால் மூன்றாவது வரிசையில் வழக்கமாக உட்காரும் அம்மாவை இரண்டு வாரமாகக் காணோமே என்று கவனிப்பது எந்தத் திட்டத்திலும் இல்லை. அந்த வேலையைச் செய்துவந்தவர்கள் கத்தோலிக்கப் பங்குகளில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழுக்களான அன்பியத்தாரும், மரியாயின் சேனை என்ற பக்தசபையினரும், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளின் பெண்கள் ஐக்கிய சங்கத்தாருமே.

இதை மருத்துவ நோக்கிலும் பொருட்படுத்த வேண்டும். 2016இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்கச் செவிலியர் 74,000க்கும் மேற்பட்டோரைப் பதினாறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, வாரத்தில் ஒரு முறைக்கு மேல் வழிபாட்டுக்குச் சென்றவர்களிடையே இறப்பு விகிதம், ஒருபோதும் செல்லாதவர்களைவிட 33 விழுக்காடு குறைவாக இருந்தது. கூடிவரும் மக்களின் ஆதரவு அதன் ஒரு பகுதியை விளக்கியது. நடமாட முடிந்தவர்களே கோயிலுக்குப் போகிறார்கள் என்ற எதிர்வாதத்தை ஆய்வாளர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள் என்றாலும், இத்தகைய ஆய்வு காரணத்தை முழுமையாக நிறுவிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஏன் நின்றுவிட்டீர்கள் என்று பொறுமையாகக் கேட்டால் வரும் பதில்கள் பல, தீர்க்கக்கூடியவை. இதய நோய்க்காகக் காலையில் நீர் பிரியும் மாத்திரை போட்டுக்கொள்பவர், பூசை நடுவே எழுந்து வெளியே ஓட வேண்டியிருக்கும் என்ற கூச்சத்தில் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்; அந்த மாத்திரையின் நேரத்தை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள முடியும், தாமாக நிறுத்தக் கூடாது. காது மந்தமானவருக்குப் பிரசங்கம் வெறும் இரைச்சலாகக் கேட்கிறது. கண்புரை முற்றியவருக்குக் கோயில் படிகள் அச்சமூட்டுகின்றன. முழங்கால் தேய்ந்தவர், மண்டியிட முடியாமல் உட்கார்ந்திருப்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார். அவருக்கு ஒரு நாற்காலியும் பங்குத்தந்தையின் ஓர் ஆறுதல் சொல்லும் போதும். மனப்பாடமான செபங்கள் தடுமாறுவதும், பழகிய வழியில் திசை தவறுவதும் மறதி நோயின் தொடக்கமாக இருக்கலாம். எதிலும் மனம் ஒட்டவில்லை, ஆண்டவர் என்னை ஏன் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னால், அதைப் பக்தி என்று எண்ணிக் கடந்துபோக வேண்டாம். அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பூசையில் நன்மை (நற்கருணை) வாங்குவதற்கு முன் நள்ளிரவு முதல் வெறும் வயிற்றோடு இருக்கும் பழைய ஒழுங்கை இன்றும் பிடித்துக்கொண்டிருக்கும் பாட்டிமார்கள் உண்டு. திருச்சபை அதை 1957இல் மூன்று மணி நேரமாகவும் 1964இல் ஒரு மணி நேரமாகவும் குறைத்தது. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அந்த ஒரு மணி நேரக் கட்டாயமும் இல்லை. இன்சுலின் போட்டுக்கொண்டோ, சில வகைச் சர்க்கரை மாத்திரைகளை விழுங்கிவிட்டோ உண்ணாமல் கோயிலுக்குச் செல்பவர், சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழக்கூடும். இதை நாங்கள் சொல்வதைவிடப் பங்குத்தந்தையே பீடத்திலிருந்து சொன்னால் உடனே ஏற்றுக்கொள்வார்கள்.

பங்குகளும் சபைகளும் செய்யக்கூடியது பெரிய செலவில்லாதது. ஒவ்வோர் அன்பியத்திலும் தனியே வாழும் முதியோரின் பெயர்ப்பட்டியல் இருக்கட்டும். இரண்டு ஞாயிறு தொடர்ந்து வராதவரின் வீட்டுக்கு மூன்றாவது ஞாயிறுக்குள் இருவர் சென்று பார்க்கட்டும். அவருடைய பிள்ளைகளின் கைப்பேசி எண்ணும் அவரது மாத்திரைச் சீட்டும் எங்கே இருக்கின்றன என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். நேரலைப் பூசையைப் படுக்கையில் இருப்பவர்களுக்காகத் தொடருங்கள். நடக்க முடிந்தவர்களை ஆட்டோவில் அழைத்து வாருங்கள். வெளியூரிலிருக்கும் பிள்ளைகள் ஞாயிறு மாலையில் பேசும்போது, சாப்பிட்டீர்களா என்பதோடு இந்த வாரம் யாரைப் பார்த்தீர்கள் என்றும் கேளுங்கள். பதில் தொடர்ந்து "யாரையும் இல்லை" என்று வந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். முதியோர் உதவி எண் 14567, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416. இரண்டையும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.