கொழும்பில் மழை, பாசிக்குடாவில் கச்சான்

"யூன் மாதம் கொழும்பில் குடை இல்லாமல் வெளியே இறங்க முடியாது. அதே நாளில் கிழக்குக் கரைப் பாசிக்குடாவில் வெயில் கொளுத்துகிறது. சின்னத் தீவுதானே, எப்படி?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஓகஸ்ட் லீவுக்குக் கிழக்கே வர நினைக்கும் பலருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு.

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. குறுக்கே மலைநாடு நிற்பதால் மழை அந்தப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. சரி, மழைதான் இல்லை. ஆனால் மலை தாண்டி இங்கே வீசும் அதே காற்று, நாம் கச்சான் என்று சொல்வது, ஏன் இப்படிச் சுடுகிறது? துவைத்துப் போட்ட சாரம் கொஞ்ச நேரத்தில் மொறமொறவென்று காய்கிறது, உதடு வெடிக்கிறது. மேற்குக் கடலில் புறப்பட்டபோது அந்தக் காற்றில் இந்தச் சூடு இல்லையே!

அந்தச் சூடு மலையில், மழை பெய்த இடத்தில் ஏறியது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

மேலே ஏறும் காற்று விரியும், விரிந்தால் குளிரும்: கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 10 பாகை. மேகம் கட்டத் தொடங்கியதும் கணக்கு மாறுகிறது. கடல்நீர் ஆவியானபோது வாங்கிக்கொண்ட வெப்பத்தை, துளியாக ஒடுங்கும்போது காற்றிடமே கொடுத்துவிடுகிறது. ஒரு கிராம் நீருக்குச் சுமார் 2,450 யூல்! அதனால் அதற்குமேல் கிலோமீற்றருக்கு 5 பாகை அளவில்தான் குளிர்கிறது. பெய்த மழை மேற்குச் சரிவில் தங்கிவிடும். அது விட்டுப்போன வெப்பம் மட்டும் காற்றோடு மலை தாண்டும். இறங்கும்போது காற்று அமுங்கிச் சூடேறும், அடிக்க அடிக்க சைக்கிள் பம்ப் சுடுவதைப்போல. இப்போது மேகம் இல்லை, ஆகவே கிலோமீற்றருக்கு முழு 10 பாகை.

கரையில் 28 பாகையில் இருந்த காற்று 500 மீற்றரில் மேகம் கட்டி, 2,000 மீற்றர் வரை ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். உச்சியில் 15.5 பாகை. மறுபக்கம் அடிவாரம் வரை இறங்கினால் 35.5! ஈரப்பதனும் சரிந்திருக்கும். ஆல்ப்ஸ் மலையடியில் வீசும் ஃபோன் (Föhn) என்ற காற்றும் இதே வழியில்தான் சூடாகிறது.

இதே கச்சான்தான் நம் கடலையும் அடக்கி வைக்கிறது. தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்தில் அலையை வளர்க்க அதற்குத் தூரம் கிடைப்பதில்லை. அறுகம்பைக்கு வரும் பெரிய அலைகள் தெற்கே வெகுதூரத்துப் புயல்களில் பிறந்தவை. கரைக்காற்று அவற்றின் முகத்தை நிமிர்த்திக் கொடுக்கிறது, அலைச்சறுக்குக்காரருக்குக் கொண்டாட்டம்.

பிபிலை முதல் மட்டக்களப்பு வரை பள்ளிக்கூடங்களில் வெப்பமானிகள் வைத்து, இந்தச் சூடேற்றத்தைப் பிள்ளைகளே அளக்க வேண்டும் என்பது என் ஆசை. செலவு பெரிதல்ல. விடுதித் திறப்பு விழாக்களுக்குக் கிடைக்கும் பணத்தில் ஒரு துளி போதும்.

டிசெம்பரில் நிலைமை தலைகீழ். வடகீழ்க் காற்று கடலிலிருந்து நேரே வருகிறது, மறிக்க மலை இல்லை. அந்த மாதம் கடல் குளிக்க விரும்புபவர்கள் தென்மேல் கரையிலுள்ள ஹிக்கடுவைக்குப் போவதே நல்லது.