எரிமலைச் சாம்பல் கல்லாவது எப்படி?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தில் நிலத்தைத் தோண்டினால் செம்மண்ணுக்குக் கீழே சீக்கிரமே கல் தட்டுப்படும். வெளியே எடுத்துப் போட்ட கல்லில் விரல் நுழையுமளவு துளைகள் இருக்கும். அந்தத் துளைகளைப் பார்த்து ‘இது எரிமலைக் கல்’ என்று சொல்பவர்கள் உண்டு. திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் அதற்குச் சாட்சியாகக் காட்டுவார்கள். இரண்டும் தவறு. குடாநாட்டின் கல் மயோசீன் காலத்தில், அதாவது 2.3 கோடி ஆண்டுகளுக்கும் 53 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடையில், ஆழம் குறைந்த கடலடியில் சிப்பியும் முருகையும் (பவளமும்) நுண்ணுயிர் ஓடுகளும் படிந்து இறுகிய சுண்ணக்கல். அதன் துளைகள் பின்னாளில் மழைநீர் கரைத்தவை. கன்னியாவில் மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உள்வெப்பத்தில் சூடேறித் திரும்பி வருகிறது. அங்கே எரிமலை இல்லை.

உண்மையான எரிமலைச் சாம்பற்பாறை எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால், ஒரு கல்லின் துளையைப் பார்த்தே அதன் கதையைச் சொல்லிவிடலாம். அதற்கு நாம் போகவேண்டிய இடம் வங்காள விரிகுடாவின் மறுகரை. பெரும் எரிமலையொன்று இடிந்த பள்ளமான சுமாத்திராவின் தோபா ஏரி யாழ்ப்பாணத்திலிருந்து சுமார் 2,200 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. 2004 டிசம்பரில் சுனாமியைக் கிளப்பிய அதே புவித்தகட்டு எல்லைதான் தோபாவுக்கும் தாய். இந்தியப் பெருங்கடலின் தரை அங்கே சுமாத்திராவுக்கு அடியில் அமிழ்கிறது. அமிழும் தரை தன்னோடு கொண்டுபோன நீரை ஆழத்தில் வெளிவிட, மேலே இருக்கும் பாறையின் உருகுநிலை குறைந்து பாறைக்குழம்பு உண்டாகிறது.

இந்தக் குழம்பில் சிலிக்கா (மணலிலுள்ள பொருள்) எவ்வளவு என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம். ஹவாயில் ஆறாக ஓடும் குழம்பில் சிலிக்கா ஏறத்தாழ 50 சதவீதம். அதிலிருக்கும் வாயு இலகுவாக வெளியேறிவிடும். தோபா போன்ற இடங்களில் சிலிக்கா 70 சதவீதத்தைத் தாண்டும்; குழம்பு மிகவும் பிசுபிசுப்பாக இருக்கும். அதற்குள் எடையில் 4 முதல் 6 சதவீதம் வரை நீர் கரைந்திருக்கலாம். ஆழத்தில் அழுத்தம் அதைக் கரைசலாகவே வைத்திருக்கும். குழம்பு மேலே ஏற ஏற அழுத்தம் குறையும், நீர் ஆவிக்குமிழிகளாகப் பிரியும். குமிழி விரிய வேண்டும், பிசுபிசுப்பு அதை விடாது. குமிழிகளின் பங்கு மொத்தக் கனவளவில் 70 – 80 சதவீதத்தை எட்டும்போது இடையிலுள்ள மெல்லிய சுவர்கள் தாங்காமல் உடைகின்றன. குழம்பு முழுவதும் ஒரே வீச்சில் தூளாகி வானத்துக்குப் போகிறது.

ஆகவே எரிமலைச் சாம்பல், விறகோ வைக்கோலோ எரிந்து மிஞ்சும் சாம்பலோடு சேர்ந்ததல்ல. அது கண்ணாடித்தூள். பளிங்குருவாக (படிகமாக) வளர நேரம் கிடைக்காமல் நொடியில் குளிர்ந்த கண்ணாடி. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் உடைந்த குமிழிச் சுவர்கள் அப்படியே தெரியும்: சில வளைந்த ஓடுகள், சில மூன்று கை விரித்த துண்டுகள். மூன்று குமிழிகள் சந்தித்த மூலைதான் அந்த மூன்று கை. சாம்பற்பாறைக்கு இதைவிட உறுதியான அடையாளம் கிடையாது.

வெளியே வந்த துண்டுகளைப் புவியியலாளர் பருமனை வைத்துப் பிரிக்கிறார்கள். 2 மி.மீ.க்குக் குறைந்தது சாம்பல். 2 முதல் 64 மி.மீ. வரை லபில்லி, அதற்கு மேற்பட்டவை குண்டுகள், கட்டைகள். குமிழி உடையாமல் முழுதாகக் குளிர்ந்த துண்டு நுரைக்கல். பெரும்பங்கு சாம்பலாக இருந்து இறுகியதையே சாம்பற்பாறை என்கிறோம்.

அது தரைக்கு வரும் வழி இரண்டு. ஒன்று, வானத்திலிருந்து பொழிவது. காற்று தரம் பிரித்துவிடும். பாரமானது கிட்ட விழும், நுண்ணியது எட்டப் போகும். மேடும் பள்ளமும் ஒரே தடிப்பில் மூடப்படும். ஈரமான சாம்பல் முகிலுக்குள் துகள்கள் ஒட்டிப் பட்டாணி அளவு உருண்டைகளாகவும் விழும். வெட்டினால் வெங்காயம்போல் வளையங்கள் தெரியும். 1991இல் பிலிப்பைன்சின் பினட்டூபோ வெடித்த அதே நேரம் சூறாவளியும் வந்தது. மழையில் நனைந்து பாரமேறிய சாம்பல் கூரைகளை இடித்தது. இறந்தவர்களில் மிகப் பலர் அந்தக் கூரைகளின் கீழ் இறந்தவர்களே.

மற்றது, தரையோடு பாய்வது. சாம்பல் தூண் தன் பாரம் தாங்காமல் சரிந்து, சூடான வாயுவும் தூளும் கல்லும் கலந்த பெருக்காக மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் ஓடும். 1902 மே 8ஆம் திகதி மார்த்தினிக் தீவின் சென்பியர் நகரத்தை அழித்து, ஏறத்தாழ 28,000 பேரைக் கொன்றது அப்படிப்பட்ட பெருக்கு. இது பள்ளங்களை நிரப்பும். பெரிய துண்டும் பொடியும் தரம் பிரியாமல் கலந்து கிடக்கும். ஒரு வெட்டுமுகத்தில் நின்று ‘பொழிந்ததா, பாய்ந்ததா?’ என்று கேட்டால், இந்த இரண்டு குறிப்புகளே பெரும்பாலும் விடை சொல்லிவிடும்.

பாய்ந்த படிவு தடிப்பாக இருந்தால் இன்னொன்று நடக்கும். வெப்பம் ஏறத்தாழ 600 பாகை செல்சியசுக்குமேல் நிலைத்தால் கண்ணாடித் துண்டுகள் இளகி, மேலே இருப்பதன் பாரத்தில் தட்டையாகி, ஒன்றோடொன்று ஒட்டிப் பொருந்திவிடும். நுரைக்கல் துண்டுகள் நசுங்கிக் கருமையான, தீச்சுடர் வடிவக் கோடுகளாகும். அடித்தட்டு குளிர்ந்த தரையில் பட்டுச் சீக்கிரம் ஆறிவிடும், மேல்தட்டு காற்றில் ஆறிவிடும், பொருந்துவது நடுப்பகுதியே. அதனால் ஒரே படிவுக்குள் கையால் உதிர்க்கக்கூடிய கல்லும், சுத்தியலடித்தால் மணியோசை தரும் கல்லும் இருக்கும். இந்தியாவில் இதைப் பார்க்க வேண்டுமானால் ராஜஸ்தானின் ஜோத்பூருக்குப் போகலாம். மெஹ்ரான்கர் கோட்டை நிற்கும் குன்று 70 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட இப்படியான பொருந்திய சாம்பற்பாறை. தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகவும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. குளிரும்போது சுருங்கிப் பிளந்த தூண்களை அங்கே நேரில் காணலாம்.

பொருந்தாத சாம்பல் கல்லாவதற்கு நீர் வேண்டும். கண்ணாடி நிலையற்ற பொருள். நிலத்தடி நீர் அதை மெல்லக் கரைத்து, சியோலைட்டு என்ற கனிமங்களாகவோ பென்டனைட்டுக் களியாகவோ மாற்றும். சியோலைட்டு வளர்ந்தால் துகள்கள் பிணைந்து கல் உறுதியாகும். களியானால் நேர்மாறு: நனைந்ததும் வீங்கும், சரிவில் வழுக்கும். துருக்கியின் கப்பதோக்கியாவில் மக்கள் வீடும் கோயிலும் குடைந்தது மிருதுவான சாம்பற்பாறையில்தான். தெரிங்குயுவின் நிலக்கீழ் ஊர் 80 மீற்றருக்கும் மேல் ஆழம் போகிறது. ஈஸ்டர் தீவின் சிலைகளில் மிகப் பெரும்பாலானவை ரானோ ராராக்கு எரிமலையின் சாம்பற்பாறையில் செதுக்கியவை. புதிதாக வெட்டிய கல் ஈரமாக இருக்கையில் உளிக்கு இலகுவாக இணங்கும், காய்ந்தபின் மேற்பரப்பு இறுகும். கேடு கடற்காற்றிலிருந்து வருகிறது. உப்புநீர் துளைக்குள் புகுந்து காயும்போது உப்புப் பளிங்கு வளர்ந்து உள்ளிருந்தே கல்லை உடைக்கும். யாழ்ப்பாணக் கோட்டையின் முருகைக்கற்கள் பொருக்குப் பொருக்காக உதிர்வதற்கும் இதே காரணம் பெரிதும் பொருந்தும்.

தோபா சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் கக்கியது ஏறத்தாழ 2,800 கன கி.மீ. குழம்பு. நிலம் உள்ளே இடிந்து விழுந்த பள்ளமே இன்றைய 100 கி.மீ. நீள ஏரி. அந்தச் சாம்பல் வங்காள விரிகுடாவின் அடித்தரையிலும், ஆந்திராவின் ஜ்வாலாபுரத்திலும், ஆபிரிக்காவின் மலாவி ஏரிச் சேற்றிலும் கிடைத்திருக்கிறது. ஜ்வாலாபுரத்தில் அது மீற்றர் கணக்கில் தடித்திருப்பதைப் பார்த்து அவ்வளவும் வானத்திலிருந்து விழுந்தது என்று எண்ணிவிடக் கூடாது. சுற்றுப்புறச் சரிவுகளில் விழுந்ததை மழை அடித்துவந்து பள்ளத்தில் சேர்த்தது. சாம்பல் படலம் நிலைக்க வேண்டுமானால் வேறு மண் அதைச் சீக்கிரம் மூட வேண்டும். வெளியே கிடந்தால் காற்றும் மழையும் கொண்டுபோய்விடும்.

இனிக் கையிலிருக்கும் கல்லைச் சோதிக்கும் விதம். முதலில் அமிலம். கல்லைக் கத்தியால் சுரண்டித் தூளெடுத்து அதன்மேல் தேசிக்காய்ப்புளியோ வினாகிரியோ விட வேண்டும். தூளாக்காமல் விட்டால் இந்த மென்மையான அமிலங்கள் வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாமல் போகும். சுண்ணக்கல்லும் முருகையும் கல்சியம் காபனேற்று. காபனீரொட்சைட்டு நுரைத்து வரும். எரிமலைக் கண்ணாடி நுரைக்காது. ஆனால் சாம்பற்பாறையின் இடுக்குகளில் பின்னாளில் சுண்ணம் படிந்திருந்தால் அதுவும் நுரைக்கும். ஆகவே நுரை அடங்கும்வரை அமிலம் விட்டு, மிஞ்சுவதைப் பார்க்க வேண்டும். ஒன்றும் மிஞ்சாவிட்டால் சுண்ணக்கல். கரகரப்பான தூள் மிஞ்சினால் அதைக் கண்ணாடித் துண்டில் அழுத்தித் தேய்க்கலாம். கீறல் விழாவிட்டால் அது பெரும்பாலும் களி. விழுந்தால் எரிமலைக் கண்ணாடியாகவும் இருக்கலாம், மணலாகவும் இருக்கலாம். உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டுதான் தீர்மானிக்க வேண்டும்.

அடுத்தது நிறை. 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு போதும். கல்லை 105 பாகையில் ஒரு இரவு உலர்த்தி நிறுக்க வேண்டும். 600 கிராம் என்று வைப்போம். பின் நீரில் ஒரு நாள் ஊறவைத்து, ஈரத்துணியால் மேல்நீரை மட்டும் ஒற்றி நிறுத்தால் 735. துளைகளில் புகுந்த நீர் 135 கிராம். பிறகு நீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்துச் சுழியாக்கி, ஊறிய கல்லை நூலில் கட்டி அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுதாக அமிழ்த்தினால் தராசு காட்டுவது கல்லின் மொத்தக் கனவளவு. 385 என்றால் 385 மி.லீ. துளையின் பங்கு 135ஐ 385ஆல் வகுக்க 35 சதவீதம். திண்மத்தின் கனவளவு 250; அதன் அடர்த்தி 600ஐ 250ஆல் வகுக்க 2.4. கடைசி எண்தான் முக்கியம். எரிமலைக் கண்ணாடியின் அடர்த்தி 2.4ஐ ஒட்டியிருக்கும், சுண்ணக்கல்லின் கனிமம் 2.71. பிழை வரும் இடம் இரண்டு. நுரைக்கல்லில் மூடிய குமிழிகளுக்குள் நீர் புகாது, அடர்த்தி குறைத்துக் காட்டும். தூளாக்கிச் செய்தால் சரியாகும். பெருந்துளையுள்ள குடாநாட்டுக் கல்லில், தூக்கும்போதே நீர் ஒழுகிவிடும், துளையின் பங்கு குறைத்துக் காட்டும்.

அந்த ஒழுக்கைக் கவனிப்பது நல்லது. சாம்பற்பாறையில் கனவளவின் மூன்றிலொரு பங்கு துளையாக இருந்தாலும், துளைகள் நுண்ணியவை. நீரைப் பிடித்து வைத்திருக்கும், இலகுவில் விடாது. நம்முடைய கல்லில் துளையும் பிளவும் அகலம். பெய்த மழை விரைவாகக் கீழே போய்ச் சேரும். தோட்டத்தில் போட்ட யூரியாவின் நைத்திரேற்றும் மலசலகூடக் குழியின் கழிவும் அதே வேகத்தில் வடிகட்டப்படாமல் போகும். இராமேஸ்வரத்தில் காட்டும் மிதக்கும் கற்களுக்கும் துளைக் கணக்கே பதில். காற்று அடைபட்ட நுரைக்கல்லும் மிதக்கும், உலர்ந்த இலேசான முருகையும் மிதக்கும். எது எதுவென்று அறிய, சுரண்டிய தூளில் ஒரு சொட்டு அமிலம் போதும்.

சுண்ணமும் எரிமலைக் கண்ணாடியும் சேரும் இடம் ஒன்று உண்டு. வெறும் சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சித்தான் இறுகும், நீருக்கடியில் இறுகாது. ரோமர் நேப்பிள்ஸ் குடாவின் எரிமலைச் சாம்பலை 2 பங்கும் சுண்ணாம்பை 1 பங்குமாகக் கலந்து கடலுக்குள் துறைமுகம் கட்டினார்கள். கண்ணாடியின் சிலிக்கா, சுண்ணாம்போடும் நீரோடும் தாக்கமுற்றுச் சீமெந்தில் உண்டாகும் அதே வகைப் பிணைப்பைத் தருகிறது. குடாநாட்டில் சுண்ணாம்பு இருக்கிறது, எரிமலைச் சாம்பல் இல்லை. அந்த இடத்தை நிரப்பக்கூடியவை இலங்கையிலேயே உள்ளன: நன்றாக அரைத்த செங்கல் ஓட்டுத்தூள், நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல், நெல் ஆலைகளின் உமிச் சாம்பல். உமியில் வெப்பத்தைக் கவனிக்க வேண்டும். 600 – 700 பாகையில் எரித்த சாம்பலில் சிலிக்கா பளிங்குருவற்று இருக்கும், சுண்ணாம்போடு சேரும். அதற்கு மேல் நெடுநேரம் எரிந்தால் பளிங்குருவாகிச் செயலிழந்துவிடும். சரியாக எரியாமல் கரி மிஞ்சிய கறுப்புச் சாம்பலோ நீரை அதிகம் உறிஞ்சிச் சாந்தைப் பலவீனமாக்கும். சாம்பல் நிறத்தில், விரலிடுக்கில் மாப்போல் நழுவும்வரை அரைத்ததையே கலக்க வேண்டும்.