சீ-ப்ரே எண்டா என்ன? தமிழில எப்பிடிச் சொல்லலாம்?

திருகோணமலையில ஒரு பழைய மடத்தின்ர டிரஸ்டியா இருக்கிற மாமா ஒராள் போன கிழமை தரும சாதன உறுதியோட, அதான் தருமத்துக்குச் சொத்து எழுதி வைச்ச பத்திரத்தோட, வீட்ட வந்தவர். விளிம்பெல்லாம் செல்லரிச்ச கடதாசி. கதிர்காமத்துக்கு நடந்து போற அடியார்களுக்கு மோரும் படுக்க இடமும், அவையின்ர வண்டில் மாட்டுக்கு வைக்கோலும் குடுக்கோணும் எண்டு எழுதியிருக்கு. நடந்து போறவை இப்பவும் வருசாவருசம் வெருகல் பக்கமாப் போயினம், ஆனா வண்டில் மாட்டுக்கு எங்க போறது? வைக்கோலுக்கெண்டு விட்ட வயல்க் காசு அப்பிடியே கிடக்கு, லோயர் 'சீ-ப்ரே'ன்னு ஒண்டு இருக்கு அதைப் பாப்பம் எண்டாராம், அது என்ன பாசையடா தம்பி எண்டு கேட்டார்.

பழைய பிரெஞ்சு. 1066ல நோர்மன்காரர் இங்கிலாந்தைப் பிடிச்ச பிறகு அங்கத்தைக் கோடுகளில (நீதிமன்றங்களில) கன காலம் பிரெஞ்சுதான் ஓடினது, அந்த மிச்சம் இது. 'சீ ப்ரே கொம் பொசிபிள்', ஏலுமான அளவுக்குக் கிட்ட. தருமம் எழுதி வைச்சவர் சொன்னதைச் செய்யேலாமப் போனா அந்தச் சொத்தை அவர் நினைச்சதுக்கு ஆகக் கிட்டின வேலைக்குத் திருப்பலாம். டிரஸ்டிமார் தாங்களா ஒரு மீட்டிங் வைச்சு மாத்தேலாது, கோடு அனுமதிக்கோணும். இங்கிலாந்தில தருமங்களை மேற்பார்க்கிற அறக்கொடை ஆணைக்குழுவும் அதைச் செய்யும்.

இதை 'நோக்க மாற்றம்' எண்டு எழுதிறது பிழை. மாத்திறது இல்ல, கிட்டப் போறது. என்னைக் கேட்டா 'கிட்டிய நோக்கம்' எண்டுதான் சொல்லுவன், ஏனெண்டா கிட்டுறது எண்டா நெருங்கிறது, கைகூடுறதும் கிட்டுறதுதான், பிரெஞ்சுக்காரன் 'கிட்ட', 'ஏலுமான' எண்டு ரெண்டாப் பிரிச்சுச் சொன்னதை எங்கட ஒரு வினை தனிய நிண்டு சொல்லுது. கிட்டடி, கிட்டத்துச் சொந்தம் எண்டு நாங்கள் நாளாந்தம் புழங்கிற சொல்லும் அதுதான். 'அண்மை' நல்ல சொல், ஆனா கடதாசியில மட்டுந்தான் வாழுது.

கூட வாற இன்னொரு சொல் பொதுப்பயன். 2006ம் ஆண்டு அறக்கொடைச் சட்டம் வாற வரைக்கும் இங்கிலாந்தில ஏழைக்கு உதவுறது, படிப்பு, சமயம் எண்டா ஊருக்குப் பயன் இருக்கும் எண்டு எடுத்த எடுப்பில நம்பினவை, பிறகு அந்த அனுமானத்தை எடுத்துப்போட்டினம். பயனும் இருக்கோணும், அது பொதுவாயும் இருக்கோணும். எங்கட 1917ம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டமும் தருமத்தின்ர பயன் பொதுமக்களுக்கோ அவையில ஒரு பகுதிக்கோ எண்டுதான் சொல்லுது. 'பொதுநலம்' எண்டா மேடையில பேசுற மாதிரிப் போயிடும், பயன் எண்டாத்தான் ஆருக்கு, என்ன கிடைச்சது எண்டு கேக்கலாம்.

மடத்தில சிலபேர் அந்தக் காசில கலியாண மண்டபம் கட்டுவம் எண்டினமாம். அது கிட்ட இல்ல, கனதூரம். வண்டில் மாட்டுக்கு வைக்கோல் வைக்கச் சொன்ன மனிசன் நடந்து களைச்ச உயிரைத்தான் நினைச்சிருக்கிறார். மாமா கொஞ்சநேரம் பேசாம இருந்திட்டு, போன முறை வந்த ஒரு அம்மாவின்ர உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம், மடத்தில ஒரு பஞ்சு கூட இருக்கேல்ல எண்டார். லோயரிட்ட சொல்லுறதுக்கு அதைத்தான் முதல் எழுதினவர்.